மேற்கே போனால் வலப்பக்கம் நிழல்

பிப்ரவரி 26, 1934. மதுரை

துரைசாணி இன்று மூன்றாம் முறையாகப் பெட்டியைப் பிரித்துக் கட்டச் சொன்னார். கம்பளிச் சட்டைகள் மேலே வர வேண்டுமாம். காலையில் அவை அடியில் போகட்டும் என்றவரும் அவர்தான். பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் டோரா பாப்பா பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டரை வயசு. தூக்கினால் ஒரே கத்தல்.

மில் என்ஜினீயர் துரை இங்கேயே இருப்பார். துரைசாணியும் பாப்பாவும் சீமையில் தாயார் வீட்டுக்குப் போகிறார்கள். ஆயாவாகிய நான் கூடப் போய் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்ப வேண்டும். “போனதும் அனுப்பிவிடுவேன், ரெங்கம்மா” என்றார். இரண்டு மாதம்.

அன்னக்கொடியை அலங்காநல்லூரில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஒன்பது வயசு. அவள் அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு என்னைப் பிரிந்து ஒரு நாள் இருந்ததில்லை. அழவில்லை. அதுதான் உறுத்துகிறது. மொக்கையன் அண்ணன் பஸ் வரைக்கும் கூட வந்து, “அம்புட்டுத் தூரம் போறவ, திரும்பி வர்றது ஒன் கையிலயா இருக்கு?” என்று கேட்டார். “ரெண்டே மாசம்ண்ணே” என்றேன். யாருக்குச் சொன்னேன் — அவருக்கா, எனக்கா?

மார்ச் 1. கொழும்பு

தனுஷ்கோடியில் சின்னக் கப்பல், பிறகு ரயில். பாப்பா முழுக்க என் மடியில். கால் மரத்துப் போயிற்று.

மார்ச் 3. கப்பல்

நேற்று ஏறினோம். எங்கள் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. கட்டில் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. எனக்குத் தரை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கும் இடம். கப்பல் சாயும்போது பெட்டி நகர்ந்து மண்டையில் இடிக்கிறது. பழைய சேலையைக் கிழித்துக் கட்டில் காலோடு கட்டி வைத்தேன். வட்டச் சன்னல் ஒன்று உண்டு, திறக்கக்கூடாது. எங்கும் பெயிண்ட் வாடை, அவித்த முட்டைகோஸ் வாடை.

துரைசாணி ஐந்து தரம் மணி அடித்து ஆளைக் கூப்பிட்டார். தலையணை தட்டையாக இருக்கிறதாம்.

மார்ச் 4

மூன்று பேருக்கும் வாந்தி. எழுத முடியவில்லை.

மார்ச் 6

இன்று எழுந்து நிற்க முடிந்தது. பாப்பாவின் துணி மலையாகக் கிடக்கிறது. துவைக்கிற இடத்தில் குழாய்த் தண்ணீர் கடல் தண்ணீர். சோப்பு நுரைக்காமல் பிசின் மாதிரி கையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. “அது ஆயுசுக்கும் நுரைக்காது, புள்ளே. காலைல ஆறு மணிக்குக் குளிக்கிற அறை ஆளு நல்ல தண்ணி கொண்டு வருவான். ஒரு வாளி கேட்டு வாங்கி வச்சுக்கோ. கெஞ்சாதே, கேளு.”

தமிழ்! அதுவும் நம் ஊர்த் தமிழ்! அஜ்மல் பீவியாம். மதுரை காஜிமார் தெரு. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஆயா. இது நான்காவது பயணம். என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். அக்கா என்றே கூப்பிடுகிறேன். இன்று ஒரு நாளில் அவர் சொன்னவை மட்டும்: வயிறு காலியாக இருந்தால்தான் அதிகம் புரட்டும், காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே இரு. அலையைப் பார்க்காதே, தூரத்துக் கோட்டைப் பார். மேற்கே போகும்போது மேல்தளத்தில் வலப்பக்கம்தான் நிழல். விடிந்ததும் போய்ப் பாயை விரித்துவிடு. துணி நாற்காலிகளில் உட்காராதே. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்காரர் பெயர் எழுதிச் செருகியிருக்கிறது. ஆள் வராவிட்டாலும் நாற்காலி அவருடையதுதான். பாதி நாற்காலி நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது!

சாப்பாடுதான் பெரிய தொல்லை. தட்டில் ஏதோ கறி வரும். மாடா என்று நான் கேட்பேன், பன்றியா என்று அக்கா கேட்பார். பரிமாறுகிறவன் இரண்டுக்கும் தலையை ஆட்டுகிறான். ஆகவே இருவருக்கும் ரொட்டியும் ஜாமும்.

மார்ச் 7

மத்தியானம் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சாதாரணமாகக் கேட்டார். “திரும்பி வர்ற டிக்கெட்டு ஒன்கிட்ட இருக்கா, துரைசாணிகிட்ட இருக்கா?”

“அவுககிட்டதான் இருக்கும்.”

“இருக்குமா, இருக்கா?”

முதல் தடவை போனபோது அக்கா வேலை பார்த்த குடும்பம் லண்டன் ரயிலடியில் ஒரு பவுன் நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டதாம். ஆதரவில்லாத ஆயாக்களுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது, அங்கே ஐந்து மாசம் இருந்தாராம். “எம் மகன் ஜலாலு நான் மவுத்தாயிட்டேன்னே நெனச்சுட்டான். ஊர்க்காரங்க செத்தவங்களுக்கு ஓதுற பாத்திஹாவ ஓதிட்டாங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 8

கேட்டேன். துரைசாணி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, “அங்கே போய்ப் பார்த்துக்கலாம், ரெங்கம்மா” என்றார்.

பார்த்துக்கலாம் என்றால் என்ன? இருக்கிறதைப் பார்ப்பதா, இல்லாததைத் தேடிப் பார்ப்பதா? இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. மேல்தளத்தைப் பாப்பாவோடு பதினேழு சுற்றுச் சுற்றினேன்.

மார்ச் 9. ஏடன்

நிலக்கரி ஏற்றினார்கள். சன்னல் எல்லாம் அடைத்தும் மூக்கு, காது, பால் புட்டி எல்லாவற்றிலும் கரி. பாப்பாவின் வெள்ளைக் கவுன் இனி ஆகாது. மற்றவர்கள் கரைக்குப் போனார்கள். ஆயாக்கள் போகக்கூடாது.

மார்ச் 11

வெக்கை. காற்று கப்பலோடு சேர்ந்தே வருகிறது, முகத்தில் படுவதே இல்லை. அக்கா காட்டியபடி ஒரு தகரத்தை வளைத்துச் சன்னலில் செருகியதும் கொஞ்சம் உள்ளே வந்தது. சன்னலைத் திறக்க இப்போதுதான் அனுமதி. பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மேலே பாண்டுக்காரர்கள் தினமும் அதே நாலு பாட்டு. பெரியவர்கள் கயிற்று வளையம் எறிந்து விளையாடுகிறார்கள், தோற்றால் சண்டை போடுகிறார்கள்.

மார்ச் 12

நாற்காலிகளுக்குப் பின்னால் பாப்பாவோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். துரைசாணி பக்கத்து அம்மாளிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாயார் வீட்டில் ஆயாவை வைத்துக்கொள்ள இடமில்லையாம். இந்தியா போகிற குடும்பம் ஏதாவது லண்டனில் ஆயா தேடுமாம், அவர்களோடு என்னை ஒட்டிவிட்டால் டிக்கெட் செலவு மிச்சமாம். கிடைக்காவிட்டால்? அந்த அம்மாளே கேட்டாள். “எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் இவர்கள்” என்றாள் துரைசாணி.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். ரெண்டு வருஷமா அவ புள்ளைக்கு இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது யாரு? எனக்குப் புரியாதுன்னு நெனச்சாளா? இல்ல, புரிஞ்சா என்னன்னு நெனச்சாளா?

மார்ச் 13

பர்சர் என்று ஓர் ஆபீசர் இருக்கிறார். டிக்கெட், தந்தி, சாவி எல்லாம் அவர் பொறுப்பு. போய்க் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டினார். என் பெயருக்குப் போக மட்டும்தான் டிக்கெட். வர இல்லை. “உன் எஜமானி சொன்னால் இங்கேயே எழுதித் தருவேன். நீ சொன்னால் முடியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

துரைசாணியிடம் நேராகவே கேட்டேன். “நீ என்னை நம்பலே?” என்று முகம் சிவந்துவிட்டது. “நம்புறேன்மா. டிக்கெட்டும் வேணும்” என்றேன். வெளியே போகச் சொன்னார்.

மார்ச் 14. கால்வாய்

இரண்டு பக்கமும் மணல். ஒட்டகம் காட்டினேன், பாப்பா கை தட்டினாள். நாளை போர்ட் சையது துறை. அதை விட்டால் அந்தப் பக்கம் முழுக்கச் சீமைக் கடல். கீழ்த்திசைக் கப்பல்களெல்லாம் அங்கே நின்றுதான் போகுமாம்.

துரைசாணியிடம் சொன்னேன், நாளை அங்கே இறங்கிக்கொள்கிறேன் என்று.

“இறங்கி என்ன செய்வே?”

“தெரியாதும்மா. ஆனா லண்டனை விட அது எங்க ஊருக்குக் கிட்ட.”

சிரித்துவிட்டுப் போனார். அக்கா சிரிக்கவில்லை. “வேணாம் புள்ளே. அது பொல்லாத ஊரு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் தைரியமா? அன்னக்கொடி இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா?

மார்ச் 15. போர்ட் சையது

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, துரைசாணியின் கட்டிலில் உட்கார வைத்தேன். என் மூட்டையை எடுத்துக்கொண்டு மேலே போய், கரைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருபது பேர். பதினைந்து. பத்து. யாரும் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது — நான் நிஜமாகவே இறங்கப் போகிறேன்.

பாப்பாவின் குரல் கேட்டது. எப்படிப் படியேறி வந்தாளோ, காலில் செருப்பில்லை. “ரெங்கா, ரெங்கா” என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். துரைசாணி பின்னால் ஓடி வந்து இழுத்தார். பாப்பா விடவில்லை. வரிசை நின்றுவிட்டது. நாற்காலிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாளும் இருந்தாள். அவளே எழுந்து வந்து, ஒன்றும் தெரியாதவள் போல எல்லார் காதிலும் விழும்படி, “இவளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக அல்லவா நினைத்தேன்?” என்று கேட்டாள்.

அரை மணி நேரத்தில் பர்சர் கையால் எனக்கு ஒரு நீலக் காகிதம் வந்தது. லண்டனிலிருந்து கொழும்பு. ரெங்கம்மாள் என்று என் பெயர். மூன்று தரம் படித்தேன்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் பாப்பா விக்கி விக்கித் தூங்குகிறாள். அந்தக் குழந்தையின் அழுகையை வைத்துத்தானே வாங்கினேன்?

மார்ச் 16

அக்காவிடம் காகிதத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்தார். “எனக்கு இல்ல புள்ளே” என்றார்.

“நீங்கதானேக்கா எனக்குச் சொன்னீக?”

“ஒனக்குச் சொல்றது சுலுவு. எங்க துரைகிட்டக் கேக்க எனக்கு வாய் வரலியே. நாலு தடவையும் வரல.”

இரட்டைப் பிள்ளைகளின் துணியைச் சேர்ந்து அலசினோம்.

மார்ச் 25. லண்டன்

குளிர். மழை. கூட்டத்தில் அக்காவைத் தவறவிட்டேன்.

ஏப்ரல் 5

இன்று கப்பல். பாப்பாவிடம் சொல்ல வேண்டாம், கடைக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றார் துரைசாணி. பாப்பா ஊஞ்சல் குதிரையில் ஆடிக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. கழுத்தில் வேர்க்குரு ஆறியிருந்தது. பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12. கடல்

பிள்ளையில்லாத ஆயாவை எங்கே வைப்பது என்று இந்தக் கப்பல்காரர்களுக்கே தெரியவில்லை. ஏழு நாளாக எனக்கு ஒரு வேலையும் இல்லை. பெயர் செருகாத நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தது, போய் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. காசு கொடுத்து வருகிறவர்கள் இதற்குத்தான் வருகிறார்களா? சும்மா உட்காருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எங்காவது ஒரு குழந்தை அழுதால் எழுந்துவிடுகிறேன்.

ஏப்ரல் 29. அலங்காநல்லூர்

வந்து சேர்ந்தேன். அன்னக்கொடி கறுத்து, ஒரு விரற்கடை வளர்ந்து, மூன்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். “இங்கேருந்து தெனமும் மதுரைக்கு யாரு கூட்டிட்டுப் போவா? சொல்லு பாப்பம்” என்றார் அண்ணன். அதுவும் நியாயந்தான்.

மே 14

மதுரைக்குப் போனேன். மில் பங்களாவில் துரை மட்டும். ஆயா வேண்டாம். நானும் அன்னக்கொடியும் இருந்த பின்கட்டு அறையில் தோட்டக்காரர் சுடலையின் குடும்பம் இருக்கிறது. என் அடுப்பில் அவர்கள் சோறு கொதிக்கிறது.

ஜூன் 20

வருகிறவர்களெல்லாம் ஒரே கேள்வி. “சீமையில என்ன திங்கிறாக? கப்பல்ல வெளிக்கி எங்கிட்டுப் போவாக?” சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. களை எடுக்கப் போகிறேன். தரை அசையாமல் கிடக்கிறது, அதனாலேயே கால் நிற்க மாட்டேன் என்கிறது. அங்கே இருந்தபோது இங்கே வரத் துடித்தேன். இங்கே வந்து எங்கே போகத் துடிக்கிறேன்?

அன்னக்கொடி பழைய செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பு தடங்கலில்லாமல் வாசிப்பாள்.

ஆகஸ்டு 18

கொழும்பிலிருந்து கடிதம்! அஜ்மல் பீவி அக்கா யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மறுபடி அதே விடுதியில் மூன்று மாசம் இருந்துவிட்டு, ஒரு குடும்பத்தோடு கொழும்பு வந்தாராம். இப்போது ஒரு டாக்டரம்மா வீட்டில் வேலை. நான்கு பிள்ளைகள், இன்னொரு ஆயா வேண்டுமாம். “பிள்ளையோடு வருவாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகும், வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று நானே கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டேன். இந்தத் தடவை வாய் வந்துவிட்டது. கொடுத்துவிட்டார்கள்.” டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருந்தது.

ஆகஸ்டு 20

கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு, “போகட்டுமான்னு கேக்குறியா, போறேன்னு சொல்றியா?” என்றார்.

“போறேன்ண்ணே.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்து வாசலில் வைத்தார்.

செப்டம்பர் 9

கப்பலேறுகிறவர்களுக்கு அம்மை குத்தின சீட்டு வேண்டுமாம். மதுரைக்குப் போய் அன்னக்கொடிக்குக் குத்திக் கூட்டி வந்தேன். தோள்பட்டை வீங்கிவிட்டது. வீங்கின கையைத் தூக்கிப் பிடித்தபடியே மூன்று ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போய் அவள் அத்தையிடம் விட்டுவிட்டு வந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கப்பல்ல சன்னலோரத்துல யாரும்மா ஒக்காருவா?”

“நீதான்” என்றேன்.