அழுக்குன்னு சொன்னியே

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரி எழுதுறா. அவ தும்மினா எழுத்து கோணும், பொறுத்துக்கோ. இங்க தண்ணிக் குழாய் திரும்ப ஒழுகுது. சரிபண்ண வந்தவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், டீ குடிச்சான், போயிட்டான். எதையோ சொல்ல வந்து எங்கயோ போயிட்டேன் பாரு.

என் மக வந்துட்டா. உன் லேப்ல இருந்து நீயே அனுப்பிட்டியாமே. ரெண்டு நாள் கழிச்சுதான் விஷயத்தைச் சொன்னா. ஏதோ பாக்டீரியாவோட புரதமாம், டி.என்.ஏ.வை மட்டும்தான் பிடிக்கும்னு நீ இத்தனை காலமா சொல்றியாம். அதைப் பிரிச்செடுக்கறப்போ, ஆர்.என்.ஏ.வைக் கரைக்கிற மருந்தை இவ ஒரு தடவை ஊத்த மறந்துட்டா. பார்த்தா, புரதம் ஆர்.என்.ஏ.வையும் கையோட பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு. சந்தோஷமா மாமாகிட்ட ஓடிப் போய்க் காட்டினேம்மாங்கறா. மறந்தது தப்புதான்டா. அதுக்குத் துரத்தி விடுவியா?

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

அவ காட்டினது அழுக்கு. அந்த மருந்து ஊத்தலேன்னா ஆர்.என்.ஏ. எதோடயும் ஒட்டிட்டு வரும். டியூப்பையெல்லாம் கொட்டச் சொல்லிட்டேன். அக்கா மகள்னு சலுகை காட்டினா மத்தவங்க என்னை மதிப்பாங்களா? இந்த வேலை அவளுக்கு ஒத்துவராது. குழாய்க்கு நல்ல ஆளாப் பாரு.

தம்பி

அடுத்த வருஷம், ஜூன் 9

தம்பிக்கு,

'அன்புள்ள' போடவான்னு தையல்காரி கேட்டா. வேண்டாம்னேன்.

உன் கட்டுரையை மக போன்ல காட்டினா. அதே புரதம், ரெண்டையும் பிடிக்குதாம். அழுக்குன்னு சொன்னியே, அது எப்போ கண்டுபிடிப்பாச்சு? டியூப் கழுவினவங்களுக்குக்கூட நன்றி போட்டிருக்கே, நல்ல மனசு. அதுலயும் இவ பேரு இல்ல.

வேற லேப்ல இவளைக் கூப்பிட்டிருக்காங்க. இதை முதல்ல பார்த்தது இவதான்னு நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதுமாம். எழுதிக் கொடுடா.

அக்கா

செப்டம்பர் 2

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்தேன். முதல்ல பார்த்தது நீதானான்னு அந்த லேப் மேடம் நேத்து போன்ல இவகிட்டயே கேட்டுட்டாங்க. நான் பக்கத்துல வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன். "நான் பார்த்தது அழுக்குதாங்க. கண்டுபிடிச்சது மாமா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. வேலை போச்சு.

ஏன்டி பொய் சொன்னேன்னு கேட்டேன்.

"உனக்கு இருக்கறது ஒரே தம்பிம்மா"ங்கறா.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தத் தம்பி வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அவ கேக்கல. அதான் உன்கிட்டயே சொல்லிடறேன்.

பதில் போடாதே.

அவ அம்மா