மே மாதத்து நிலம்

கோயம்புத்தூர்
6 மே 2024

அன்புள்ள சுபாஷிணிக்கு,

சௌக்கியமா? போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். மட்டாஞ்சேரியில் ஒரே பள்ளியில் பூகோளம் நடத்தினோம். பதினோரு வருஷத் தோழிகள், ஒரு புத்தகத்துக்காகவா இப்படி?

செல்லானம் பக்கம் காயலை ஒட்டி ஓர் இடம் பார்த்தோம். வெங்கிடேஷ் ஓய்வு பெற்றாயிற்று, கடைசிக் காலத்துக்கு எங்கள் இரண்டு பேருக்குமாக அங்கே ஒரு வீடு கட்டிக்கொள்ள ஆசை. நல்ல காய்ந்த மண், சின்னச் சின்ன மேடுகள், சுற்றிலும் வரப்பு. அந்தக் கரையில் உன்னைப்போல் நடந்தவர் இல்லை. வாங்கலாமா? ஒரு வார்த்தை எழுது.

உன்,
மாதுரி

---

கொச்சங்காடி
15 மே 2024

அன்புள்ள மாதுரிக்கு,

சௌக்கியத்துக்குக் குறைவில்லை. முழங்கால்தான் வலிக்கிறது. ஆறு வருஷம் தோப்பும்படியில் பஸ் ஏறிப்போய் அந்தக் கரை முழுக்க நடந்த கால். நீ மே மாத லீவில் மட்டும் கூட வருவாய், குடையோடு.

அந்த ஊர் மறந்துவிட்டதா? மேற்கே கடல், கிழக்கே காயல், நடுவில் ஒரு கீற்று மணல். அங்கே கடிகாரத்தைவிட அமாவாசை பௌர்ணமிக்குத்தான் மதிப்பு, காயலில் நீர் ஏறுவதும் இறங்குவதும் அதைப் பொறுத்து. அந்த ஊர்க்காரர்கள் கேட்காமல் எதையும் சொல்லமாட்டார்கள், கேட்டால் எதையும் மறைக்கமாட்டார்கள்.

என்னிடம் கேட்டால் எப்படி? அந்தக் கரையைப் பற்றி மலையாளத்தில் வந்த புத்தகத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. நான் அங்கே நடந்து நடந்து எழுதிய நீல நோட்டைப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனாய். தந்தும்விட்டாய், அதற்குள் புத்தகம் வந்துவிட்டது. நன்றியுரையில் எனக்கும் ஒரு வரி: "பயணங்களில் சாயா வாங்கித் தந்த தோழிக்கு." சாயா வாங்கித் தந்தவளுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும்? நீ பார்த்த இடம் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. படித்துப் பார்.

சுபாஷிணி

---

கோயம்புத்தூர்
19 ஏப்ரல் 2025

சுபா,

வாங்கினோம். ஆடியில் தண்ணீர் நின்றது, மழைதானே என்று தேற்றிக்கொண்டோம். கார்த்திகையில் யாரோ மதகைத் திறந்து காயலையே உள்ளே விட்டார்கள். நட்ட தென்னங்கன்றெல்லாம் உப்பில் கருகிப்போயிற்று. அது பொக்காளி வயலாம். மழைக்காலத்தில் நெல், அதை அறுத்ததும் இறால். வீடு கட்ட அனுமதியே கிடைக்காதாம்.

விஷுவுக்கு மறுநாள் போனோம். எங்கள் இடத்தில் இருநூறு பேர் வலையும் கூடையுமாக முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். "இது என் இடம்" என்று கத்தினேன். ஒரு பெண் மீனைக் கூடையில் போட்டுக்கொண்டே, "விஷு கழிஞ்ஞா இது எல்லாருடேயும் எடமாணு சேச்சி" என்றாள். இறால் குத்தகை முடிந்தால் யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம் என்பது அங்கே வழக்கமாம். கூட்டத்தில் ஒருவரிடம் என் புத்தகம் இருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்தை உரக்க வாசித்தார்: "வருடம் முழுவதும் உலர்ந்த மேட்டு நிலம்." வரப்பு முழுக்கச் சிரிப்பு. வெங்கிடேஷ் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

உனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாய். போகட்டும். உன்னிடம் பச்சை நோட்டு ஒன்று உண்டல்லவா? அதை அனுப்பு. இரண்டாம் பதிப்பில் திருத்திவிடுகிறேன், மானமாவது மிஞ்சும்.

மாதுரி

---

கொச்சங்காடி
2 மே 2025

அன்புள்ள மாதுரிக்கு,

தெரியும். "உலர்ந்த மேட்டு நிலம்" என்று நீல நோட்டில் எழுதியது நான்தான், மே மாதத் தேதி போட்டு. மீதி மாதங்கள் பச்சை நோட்டில் இருக்கின்றன. தேதியை விட்டுவிட்டு "வருடம் முழுவதும்" என்று சேர்த்தது நீ. அந்தப் புத்தகத்தில் உன் சொந்தச் சரக்கு அந்த இரண்டு சொல்தான்.

அன்று நானும் வரப்பில் நின்றிருந்தேன். நீ கத்தியதைக் கேட்டேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். வயிறு குளிர்ந்தது. திரும்பும்போது தோப்பும்படியில் இறங்கி ஒரு சாயா குடித்தேன், சர்க்கரை கூட்டிப் போடச் சொல்லி. உன் அகத்துக்காரரை நினைத்தால்தான் சங்கடம், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

பச்சை நோட்டை அனுப்ப முடியாது. நீலமும் பச்சையும் சேர்ந்து என் பெயரில் அச்சுக்குப் போயிருக்கின்றன. நன்றியுரையில் உனக்கும் ஒரு வரி உண்டு: "அந்த நிலத்தைத் தானே வாங்கி, வருடம் முழுவதும் சோதித்துக் காட்டிய தோழி மாதுரிக்கு."

சுபாஷிணி