உட்கார்ந்த இடத்திலிருந்து

ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். கடிதத்தை உன்னால் அப்படி வைக்க முடியாது, கடைசி வரி வரை படிக்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் எழுதுகிறேன். உன் தலைமையாசிரியர் அறைக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு மாடிப்படிதான். அதற்குப் போய் தபால்தலை ஒட்ட வைத்துவிட்டாய்.

பெற்றோர் தினத்துக்கு இயற்கைக் காட்சி வேண்டும் என்கிறாய். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு வீடு, ஓர் ஆறு. எனக்கு முன்னால் இருந்த டீச்சர் அதைப் போர்டில் போடுவாராம், பிள்ளைகள் அப்படியே போடுவார்களாம், பிறகு அவரே உட்கார்ந்து எல்லாத் தாளிலும் கோட்டைத் திருத்தி மாட்டுவாராம். பெற்றோர் கைதட்டினது யாருக்கு அண்ணா? பிள்ளைகளின் தாளில் என் பென்சில் படாது. இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னேன்.

ஐந்தாம் வகுப்புக்கு நான் வைத்த பாடம் இதுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணில் படுவதை மட்டும் வரை. முன்பெஞ்சுகள் போர்டையும் என் மேசையையும் வரைந்தன. மூலைப் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே படம் கொடுத்தார்கள். தாள் முழுக்க ஒரு மரப்பலகை, அதில் ஆணிகள், ஒரு சிலந்தி வலை. காப்பியடித்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். அமுக்குணி என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணை எழுப்பினேன்.

"போர்டு எங்கேம்மா?"

"போர்டு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர். இங்க அலமாரியோட முதுகுதான் இருக்கு."

அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். நிர்வாகக் குழுத் தலைவர் வாங்கிக் கொடுத்த பரிசுக் கோப்பை அலமாரி. வாசலில் வருகிறவர்களுக்குக் கோப்பைகள், மூலையில் இருப்பவர்களுக்கு ஆணி. மார்க் குறைந்தவர்களை மூலையில் வைப்பது உன் ஏற்பாடு. அவர்களை முன்னால் கொண்டுவா, இல்லை அலமாரியைத் தூக்கு.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு

ஜூன் 21

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் உன் அண்ணி பிரித்துப் படித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரிக்கிறாள். இந்த வீட்டில் எனக்கு என்று ஓர் ஆள் கிடையாது.

கேள். முன்பெஞ்சு என்பது படித்து வாங்குகிற இடம். மார்க் வந்தால் யாரும் முன்னால் வரலாம், நான் யாரையும் கட்டிப் போடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் இது. அந்த அலமாரி வாசலுக்கு நேராக இருக்க வேண்டும் என்பது தலைவரின் விருப்பம். அவர் மனசு வைத்ததால்தான் ஓவியத்துக்கு மறுபடி ஓர் ஆசிரியை போட அனுமதி கிடைத்தது. அந்த ஆசிரியை யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆணியும் சிலந்தி வலையும் வரைந்த படங்களைப் பெற்றோர் தினத்தில் மாட்டினால் ஊர் சிரிக்கும். இரண்டு மலை போட்டால் உன் கை தேய்ந்தா போகும்? எனக்காகப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்

ஜூன் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

கூடம் கோணல்தான். நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மார்க் வந்தால் முன்னால் வரலாம் என்கிறாய். போர்டே படாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு மார்க்கை எங்கிருந்து கொண்டுவரச் சொல்கிறாய்? கணக்கு சார் எழுதிப் போடுவதைப் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதுகிறார்கள். அதற்கும் அடி வாங்குகிறார்கள். அமுக்குணியின் படத்தில் ஒவ்வோர் ஆணிக்கும் நிழல் இருக்கிறது. நான் நிழல் சொல்லித்தரவே இல்லை. அத்தனை நாள் அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மலை கிடையாது. இந்தப் படங்களைத்தான் மாட்டப் போகிறேன்.

வாலு

ஜூன் 30

ஓவிய ஆசிரியைக்கு,

நேற்று மாலை நானே மூலைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அலமாரிக்கு மேலே போர்டு நன்றாகப் படுகிறது. தேதி முதற்கொண்டு படித்தேன். பிள்ளைகள் மிகைப்படுத்துகிறார்கள், நீ அதற்குத் தூபம் போடுகிறாய். நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அந்தப் படங்கள் மாட்டப்பட்டால் என் கையில் எதுவும் இருக்காது. இதை அண்ணனாகச் சொல்லவில்லை.

தலைமையாசிரியர்

ஜூலை 2

தலைமையாசிரியராகிவிட்ட அண்ணாவுக்கு,

உட்கார்ந்து பார்த்தாய், சந்தோஷம். ஆனால் உன் உயரத்தில் உட்கார்ந்தாய். நீ ஆறடி ஆள். வரைவதில் முதலில் கேட்பதே கண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்றுதான். மட்டம் மாறினால் மேசையின் மேல்பலகைகூட மறைந்துபோகும். இதை மூன்றாம் வகுப்பே சரியாகச் சொல்கிறது.

மறுபடி போ. பெஞ்சில் உட்காராதே, தரையில் முட்டி போட்டுக் குனி. உன் கண் அமுக்குணியின் கண் இருக்கும் இடத்துக்கு வரட்டும். அப்போது தேதியைப் படித்துக் காட்டு. நீ படித்துவிட்டால் இரண்டு மலை என்ன, இருபது மலை போடுகிறேன்.

முட்டி வலித்தால் அண்ணி தைலம் தேய்த்துவிடுவாள். கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

வாலு

ஜூலை 13

ஓவிய ஆசிரியை அவர்களுக்கு,

பெற்றோர் தினத்தன்று தாங்கள் அனுமதியின்றி ஐந்தாம் வகுப்பில் படங்களை மாட்டியதுடன், பெற்றோர்களை அவரவர் பிள்ளையின் இடத்தில் முட்டி போட வைத்துள்ளீர்கள். ஒரு தாய் அழுதார். ஒரு தந்தை எழுந்திருக்க முடியாமல் இருவர் தூக்க வேண்டியதாயிற்று. நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு படத்தைக் காட்டி, "இந்த அசிங்கமான பலகை யாரோடது?" என்று உரக்கக் கேட்டதும், தாங்கள், "உங்களோடதுதாங்க சார்" என்று எல்லோர் முன்னிலையிலும் பதில் சொன்னதும் குழுவைப் புண்படுத்தியுள்ளன. இன்று முதல் தங்கள் பணி தேவையில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர்

(மறுபக்கம்)

வாலு,

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு முட்டி போட்டேன். ஒன்றும் படவில்லை. ஆணிதான். அந்தப் பெண்ணை நானே எத்தனை தடவை மக்கு என்று திட்டியிருக்கிறேன் தெரியுமா?

தலைவரின் கோபம் ஆறட்டும். அலமாரியைச் சத்தமில்லாமல் என் அறைக்கு மாற்றிவிடுகிறேன், பெஞ்சுகளையும் மாற்றுகிறேன். காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. நீ கொஞ்ச நாள் வீட்டில் இரு, வேறு பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிவிடுகிறேன். என் நிலைமையைப் புரிந்துகொள். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு.

அண்ணன்

ஜூலை 15

அண்ணா,

ஒரே தாளில் இரண்டு ஆளை அனுப்பியிருக்கிறாய். பின்பக்கத்து ஆளோடு மட்டும் பேசுகிறேன்.

நீ முட்டி போட்டாய் என்று படித்ததும் அழுதேன். என் அண்ணன் நல்லவன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எனக்கு ஏன் சொல்கிறாய்? அந்த மூலையில் உட்கார்ந்தவள் நானா? மக்கு என்று கேட்டவள் நானா? காரணம் சொல்லாமல் இடம் மாற்றினால், சார் இரக்கப்பட்டு முன்னால் விட்டார் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். தங்களிடம்தான் குறை என்பது அவர்கள் மனதில் அப்படியே இருக்கும். மூடின கதவுக்குப் பின்னால் சொன்னதை வகுப்பில் சொல். "உங்க மேல தப்பில்ல, நான்தான் தப்பான இடத்துல உட்கார வெச்சேன்" என்று அவர்கள் காது கேட்கச் சொல். கணக்கு சாரும் பக்கத்தில் இருக்கட்டும்.

நீ அதைச் சொல்லும் அன்றே நான் கிளம்பிவிடுகிறேன். வேறு பள்ளிக்கூடத்துக்கு உன் சிபாரிசு வேண்டாம். வேலைக்காகச் சண்டை போட்டேன் என்று நினைத்தால் உனக்கு என்னைத் தெரியவே இல்லை.

சொல்லாதவரை தினமும் வருவேன். சம்பளம் வேண்டாம், வருகைப் பதிவில் பெயரும் வேண்டாம். திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புக்கு முதல் பாடவேளை ஓவியம். என்னைத் தடுக்க வேண்டுமானால் காவலாளியை அனுப்பாதே, பாவம், அவர் மகனும் அதே மூலையில்தான் இருக்கிறான். நீயே வந்து வாசலை மறித்து நில். பிள்ளைகளின் கையில் தாளும் பென்சிலும் இருக்கும். கண்ணில் படுவதை வரைவார்கள்.

ஓவிய ஆசிரியை