காதுகுத்துக்கு வந்த கொடிகள்

அண்ணே,

புதுக் கொடித் துணியின் கஞ்சி வாடை எனக்கு ஆகவே ஆகாது. இன்று காலை என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, ஒரு கட்டுக் கொடியைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் போட்டார். "வக்கீலய்யா சாயந்தரம் நம்ம தெருவுக்கு ஓட்டுக் கேக்க வாராக. ஆரத்தித் தட்டோட நீ முன்னால நிக்கணும்" என்றார்.

"எந்த வக்கீலு?"

"நம்ம வக்கீலுதேன்."

நம்ம வக்கீலாம்! உன் வக்கீல், அண்ணே. நம் தொகுதிக்குப் பெரியகுளம் என்று பெயர் இருந்த காலத்தில் சென்னையிலிருந்து வந்து நின்றானே, முதல் கூட்டத்திலேயே முல்லையாற்றுக்கும் வைகைக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசினானே, அந்த ஆள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பிழைத்த ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு, அவனுக்காகக் கம்பத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் அலைந்தாய். தேர்தல் முடியும்வரை வீட்டில் உலை கொதித்ததா என்றுகூட உனக்குத் தெரியாது. ஜெயித்து டெல்லிக்குப் போனவன் அடுத்த முறை ஓட்டுக் கேட்கத்தான் திரும்பி வந்தான். தோற்றான். அதற்கும் நீதான் அழுதாய். "ஒரு வாட்டி எந் தோள்ல கை போட்டுப் பேசுனாக ஆத்தா, அது போதும் எனக்கு" என்று என்னிடம் சொல்வாய்.

பாப்பாவுக்குக் காது குத்தியது அந்த இரண்டாவது தேர்தல் சமயத்தில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருந்தது நீ ஒருத்தன். சின்னமனூர் மண்டப வாசலில் உன் மாப்பிள்ளை தன் கட்சிக் கொடியால் வளைவு கட்டியிருந்தார். அவர்களுடைய ஒன்றியச் செயலாளர் வருகிறாராம். நீ அம்மாவையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வந்தாய். முன்னால் உன் கட்சிக் கொடி. அதைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள் அவருடைய ஆட்கள். "மொதல்ல வளைவப் பிரிங்க" என்றாய் நீ. உன் மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தேன்.

"காது குத்துற வரைக்குமாச்சும் கழட்டி வையிண்ணே. பிள்ள அழுகுது."

"கழட்டிட்டு நாளைக்கு வக்கீல் மூஞ்சில எப்புடி முழிப்பேன் ஆத்தா? நாலு பேரு போயிச் சொல்ல மாட்டாகளா?"

உன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். அம்மா சீர்த்தட்டோடு நடுரோட்டில் நின்றாள். பாப்பாவைத் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அவன் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை.

அதன்பிறகு நீ என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பாப்பாவை நீ பார்ப்பதற்காகவே சனிக்கிழமைகளில் அவளைக் குச்சனூர்க் கோயிலுக்குக் கூட்டி வருவேன். எள் விளக்கு ஏற்றும் கூட்டத்தில் ஓரமாக நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாய். உன் மாப்பிள்ளையின் கட்சிக்காரன் எவனாவது தென்பட்டால் கையை விட்டுவிடுவாய். ஏன் மாமா விட்டுட்டாக என்று அவள் என்னைக் கேட்பாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் எந்தக் கட்சியைச் சொல்லி விளக்குவது?

பிறகு தொகுதியை வெட்டி ஒட்டித் தேனி என்று பெயர் வைத்தார்கள். மதுரைப் பக்கத்து ஊர்களெல்லாம் வந்து சேர்ந்தன. யார் யாரோடு என்பதும் தேர்தலுக்குத் தேர்தல் மாறியது. ஒருமுறை உன் கட்சியும் உன் மாப்பிள்ளையின் கட்சியும் கூட்டணி. இரண்டு கொடியும் ஒரே கம்பில் பறந்தன. இனி உனக்கு என்ன தடை என்று கறி எடுத்து ஆக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நீ வரவில்லை. அடுத்த சனிக்கிழமை கேட்டதற்கு, "கூட்டணி கட்சிக்குத்தேன் ஆத்தா, எனக்கும் மாப்பிள்ளைக்கும் இல்ல" என்றாய். மேடையில் தலைவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் எதிர்க்கட்சிக்காரன்தான் முதல் பந்தியில் உட்காருகிறான். சண்டையை நிஜமென்று நம்பியது நீங்கள் இரண்டு பேரும்தான். நானும் நீயும் கோயில் ஓரத்தில் திருடர்களைப் போலப் பார்த்துக்கொண்டோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போன வருஷம் நீ போனபோது உன் மேல் கொடி போர்த்தினார்கள். வக்கீல் வருவார் என்று பொழுது சாயும்வரை உன்னை எடுக்காமல் வைத்திருந்தார்கள். வரவில்லை, ஒரு மாலைகூட அனுப்பவில்லை. சில மாதம் கழித்து இவர்கள் கட்சிக்குத் தாவிவிட்டான். "நல்லவேளை, மச்சான் இதெல்லாம் பாக்கல" என்றார் உன் மாப்பிள்ளை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்துக் காறித் துப்பியிருக்க வேண்டும்.

சாயந்தரம் தட்டோடு போனேன். அந்த மூஞ்சியைக் கிட்டத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருந்தது. வேனிலிருந்து குனிந்து கும்பிட்டான். பழைய கும்பிடுதான், தோளில் துண்டு மட்டும் வேறு. நான் ஆரத்தி சுற்றவில்லை.

"நான் குச்சனூர் ஜீப்காரரு தங்கச்சி. ஒங்களுக்கு மைக் கட்டி ஓட்டுனாகள்ல, அவுக."

"அடடே! அவரை மறக்க முடியுமாம்மா? இந்தத் தொகுதியில எனக்கு வலது கையே அவர்தானே!" என்று முகமெல்லாம் சிரித்தான். "எப்படி இருக்கார்? நல்லா இருக்காரா? நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற உன் மாப்பிள்ளையைப் பார்த்தேன். உன் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர். அவராவது சொல்வார் என்று நினைத்தேன்.

"சொல்லிர்றோங்கய்யா" என்றார்.

வேன் நகர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் மாப்பிள்ளை தானே சோறு போட்டுத் தின்றுவிட்டு, இப்போது கம்பில் கொடி சொருகிக்கொண்டிருக்கிறார்.

அவர் உன்னிடம் சொல்லப் போவதில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருஷமும் சேதி சுமந்தவள் நான்தான்; இதையும் நானே சொல்லிவிடுகிறேன். உன் வக்கீல் உன்னை ரொம்ப விசாரித்தாராம், அண்ணே. நீ நல்லா இருக்கியா?