நூற்றெண்பதாவது நாள்

கழக்கூட்டம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள மாமா அவர்களுக்கு,

உமாசங்கர் எழுதுகிறேன். இங்கே நான் நலம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போடுகிறீர்களா? அத்தைக்கு இந்த மாதத்துச் சர்க்கரை மாத்திரையைச் சனிக்கிழமையே கூரியரில் அனுப்பிவிட்டேன். காலைக்கு ஒரு கவர், ராத்திரிக்கு ஒரு கவர். மேலே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசியபோது நான் மூன்று தடவை 'சரி மாமா' என்றேன். பிறகு ஒன்றும் பேசவில்லை. "லைன் போயிட்டு போல" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே நீங்கள் வைத்துவிட்டீர்கள். லைன் போகவில்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்டில் போட்டால் வியாழக்கிழமை பூதப்பாண்டிக்கு வந்துவிடும் என்றார்கள். ரேஷ்மியின் விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. நடுவே உங்களுக்கு ஒரு நாள் இருக்கும்.

விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டரை வருடத்துக்கு முன்னால் அஸ்வதிக்கு நிரப்பிய அதே படிவம்தான். ஆள் போகத் தயங்குகிற பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் பாடம் எடுத்தால், அறக்கட்டளை படிப்புக் கடனை வருடத்துக்கு ஒரு பங்காக வங்கியில் கட்டும். ஒவ்வொரு வருடமும் நூற்றெண்பது நாள் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அந்த வருடத்துப் பங்கு கிடையாது. விதியில் ஒரு வரிகூட மாறவில்லை. காலியிடப் பட்டியலில் அஸ்வதி வேலை பார்த்த போனக்காட்டுத் தமிழ்ப் பள்ளியும் அப்படியே இருக்கிறது. ரேஷ்மியின் பெயர், பிறந்த தேதி, பி.எட். மார்க் எல்லாம் போட்டுவிட்டேன். அனுப்பவில்லை.

நீங்கள் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். "அக்கா நின்ன எடத்துல தங்கச்சி நிக்கட்டும் மாப்ள. அஸ்வதிக்குப் பாத்த மாதிரி இவளுக்கும் நாள் கணக்கை நீங்களே பாத்துக்கிடுங்க. நீங்க பாத்தா ஒரு நாளும் தவறாது" என்றீர்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். இந்தக் கடிதம் அதற்குத்தான் பதில்.

போன வாரம் போனக்காட்டுக்குப் போயிருந்தேன். அஸ்வதியின் பெட்டியும் புத்தகங்களும் ஐந்து மாதமாக அங்கேயே கிடந்தன. விதுரயிலிருந்து காலை பஸ். தேயிலை எஸ்டேட் மூடிக் கிடந்தாலும் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆட்கள் இருக்கிறார்கள். அவள் தங்கியிருந்த அறைக்கு அடுத்த வீடு உச்சிமாகாளி அக்காவுடையது. பெட்டியைத் துடைத்து, மழை படாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். கட்டன் சாயா போட்டுத் தந்தார்.

தலைமையாசிரியர் சுவாமிதாஸ் சாரையும் பார்த்தேன். நாலு வகுப்பையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து, நடுவில் நின்று அவரே பார்க்கிறார். ஒரு வரிசைக்குக் கணக்கு, ஒரு வரிசைக்கு டிக்டேஷன். "ஆளு வேணும் சாரே. நான் ஒத்தைக்கு நாலு கிளாஸ் எப்பிடி நோக்க? வருவாங்க, ரோட்டைப் பாப்பாங்க, காலுல ஏறுற அட்டையைப் பாப்பாங்க, அதே பஸ்ல திரும்பிப் போவாங்க. உங்க டீச்சர்தான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஏறி வந்தது" என்றார். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நோட்டை நீட்டினாள். கடைசியாக அஸ்வதி சிவப்பு மையில் திருத்திய பக்கம். அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை. நான் மீதிப் பக்கங்களில் பார்த்துவிட்டேன் என்று டிக் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் தப்பாக இருந்ததா சரியாக இருந்ததா என்று தெரியாது. படிக்கவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ரேஷ்மி அங்கே போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஆள் வேண்டும். அவள் நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். அவளுக்கும் கடன் இருக்கிறது. அதெல்லாம் சரிதான்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இந்த இடத்தில் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

அஸ்வதி சேர்ந்த மறுநாளே அவளுடைய நாட்களுக்கு நான் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போட்டேன். வந்த நாள் பச்சை, வராத நாள் சிவப்பு, லீவு சாம்பல். தினமும் காலை எட்டரைக்கு அவள் போனுக்கு 'வந்தாச்சா' என்று ஒரு செய்தி தானாகப் போகும். அவள் ஒரு தட்டு தட்டினால் கட்டம் பச்சையாகும். என் வேலையே இதுதானே மாமா. ஒரு சாஃப்ட்வேர் எங்கே உடையும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவள் என்னைக் கணக்கப்பிள்ளை என்று கூப்பிடுவாள். எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் போடுகிறவருக்கு அந்தப் பெயராம். "என்ன கணக்கப்பிள்ளே, இன்னைக்குப் பேர் போட்டாச்சா?" என்று சாயங்காலம் கேட்பாள். மேட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏறினால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும்.

முதல் வருடம் நாட்கள் மிச்சமாகவே இருந்தன. இரண்டாவது வருடம் மழை அதிகம். கலெக்டர் விடுமுறை விட்டது மட்டும் ஒன்பது நாள். அது கணக்கில் சேருமா என்று அறக்கட்டளைக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. உங்கள் கண் ஆபரேஷனுக்கு அவள் வந்து நின்றது நாலு நாள். இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். உங்கள் மேல் போடுவதற்காக எழுதவில்லை. பட்டியலில் இருக்கிறது, அதனால் எழுதினேன்.

அவளுடைய வருடம் நவம்பர் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. புதன்கிழமை சாயங்காலம் நூற்றெழுபத்தெட்டு. வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று. வெள்ளிக்கிழமை நூற்றெண்பதாவது நாள். ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் எனக்குப் போன் பண்ணினாள், மாமா.

காய்ச்சல் என்றாள். இரண்டு நாளாக இருக்கிறது என்றாள். கெண்டைக்கால் இரண்டும் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது, கண் சிவந்து கிடக்கிறது, உச்சிமாகாளி அக்கா இப்போதே விதுர ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஜீப் சொல்கிறேன் என்கிறார், போகட்டுமா என்று கேட்டாள். அவள் என்னிடம் கேட்டாள். 'போகட்டுமா' என்றுதான் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன். "ரெண்டே நாள்தானே அஸ்வதி. பாரசிட்டமால் போட்டுட்டு கிளாஸ்ல போய் உக்காந்திரு, பாடம்கூட எடுக்க வேண்டாம். இப்பப் போனா அட்மிட் பண்ணிடுவாங்க, ஒரு வருசம் வீணாப் போயிரும். சனிக்கிழமை காலைல நானே வண்டி எடுத்துட்டு வாறேன்" என்றேன்.

அவள், "சரி கணக்கப்பிள்ளே, உங்க கட்டம் சிவந்திரக் கூடாதுல்லா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்படித்தான் எனக்குக் கேட்டது.

அந்தச் சமயம் வங்கியிலிருந்து பூதப்பாண்டி வீட்டுக்கு ஆள் வந்து போயிருந்தது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறதே என்று நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அத்தை சொல்லியிருந்தார். அதுவும் என் தலையில் ஓடியது. ஆனால் நான் அதை நினைத்து மட்டும் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இரண்டு கட்டத்தில் விட வேண்டுமா என்று இருந்தது. அதுதான் உண்மை.

வியாழக்கிழமை பச்சை. வெள்ளிக்கிழமை பத்து மணி வரை பதில் இல்லை. அப்போது நான் ஆபீஸில் இருந்தேன். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை மாமா. கட்டம் விழவில்லையே என்றுதான் தோன்றியது. பத்தே காலுக்குப் பச்சை விழுந்தது. டீம் ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நான் போனபோது அவள் கண் மஞ்சளாக இருந்தது. உச்சிமாகாளி அக்காவும் நானும் கைத்தாங்கலாகக் காருக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து விதுர, அங்கிருந்து திருவனந்தபுரம். எலிக்காய்ச்சல் என்றார்கள். குதிகாலில் ஒரு வெட்டுக் காயம் இருந்தது. ஓடையில் இறங்கித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு நாள் முன்னே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் போய்விட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அந்த வருடத்துப் பங்கை டிசம்பர் முதல் வாரத்தில் அறக்கட்டளை வங்கியில் கட்டிவிட்டது. நூற்றெண்பது நாள் நிறைவு என்று சான்றிதழும் அவள் பெயருக்கு வந்தது. அது என்னிடம் இருக்கிறது. உங்களிடம் காட்டவில்லை. கடைசிப் பங்கை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் நான் கட்டுகிறேன். அதைப் பற்றி நீங்கள் நினைக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எப்பத்துல இருந்து காய்ச்சல் மாப்ள? உங்ககிட்ட சொன்னாளா?" என்று கேட்டீர்கள். நான், "தெரியல மாமா, சனிக்கிழமை போனப்பதான் பாத்தேன்" என்றேன். அதை நீங்கள் நம்பினீர்கள். எல்லாரும் நம்பினார்கள்.

பதினாறாம் நாள் அன்று பந்தியில் நான் உட்கார்ந்திருந்தேன். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். "கட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா, அழுத்தக்காரி. சின்னதுலயே அப்பிடித்தான், காலு ஒடைஞ்சாலும் சொல்ல மாட்டா. இந்தப் பிள்ளையை இப்பிடி நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டாளே" என்று என்னைக் காட்டிச் சொன்னார். சித்திமார் எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்கு இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டார்கள். நான் சாப்பிட்டேன். இப்போதும் ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் அத்தை கடைசியில் அதையே சொல்கிறார், நானும் உம் கொட்டுகிறேன். இல்லாத ஒருத்தி மேல் பொய்யைப் போட்டுவிட்டு, அதை வாராவாரம் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் மறைக்கவில்லை. அவள் சொன்னாள். போகட்டுமா என்று கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

இனி மூன்று காரியம் கேட்கிறேன். கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை ரேஷ்மியிடம் கொடுங்கள். ஒரு வரி விடாமல் அவள் படிக்கட்டும். படித்த பிறகும் போகிறேன் என்றால் அவளே எனக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லட்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எப்போது சொன்னாலும் அந்த நிமிஷமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவேன். வேண்டாம் என்றால் அவள் கடனுக்கு வேறு வழி பார்ப்போம். நானும் சேர்ந்து கட்டுவேன். நீங்கள் சொல்லி அவள் போக வேண்டாம், நான் சொல்லி அவள் நிற்கவும் வேண்டாம்.

போனால், அவளுடைய நாட்களை நான் எண்ண மாட்டேன். நீங்களும் எண்ண வேண்டாம். சுவாமிதாஸ் சாரிடமும் உச்சிமாகாளி அக்காவிடமும் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மேல் கொஞ்சம் சுட்டாலும், யாரையும் கேட்காமல் கீழே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் போனால் போகட்டும்.

மூன்றாவது அத்தையைப் பற்றி. இதை எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியவில்லை. சொன்ன பிறகு என் நம்பரை எடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் சரி. மாத்திரை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும், அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் பண்ணுவேன். எடுக்காவிட்டாலும் பண்ணுவேன்.

அத்தை இனிமேல் அவளைத் திட்ட வேண்டாம், மாமா. என்னைத் திட்டச் சொல்லுங்கள்.

உங்கள் காலில் விழுந்து,
உமாசங்கர்