நீர்முனைக் கோட்டையில் தண்ணீர்க் குடங்களைத் திறக்குமாறு விடுத்த ஓலை

மழை தவறாது பொழிக. மக்கள் நோயின்றி வாழ்க. வேங்கைமலை நாடாளும் கோப்பெருந்தேவி நன்முல்லையாரின் திருவாய்மொழி கேட்டு, ஓலைநாயகம் கீரன் அம்பலவன், நீர்முனைக் கோட்டையின் தலைவரும் மூன்று போர்களில் முன்னணி நின்றவருமான மழவரையருக்கு வரைந்து விடுக்கும் ஓலை. உம் கொற்றமும், உம் மதில்களை நம்பி வாழும் அறுநூறு குடிகளும் நலம் பெறுக.

உம் ஓலை நேற்று முற்பகலில் அரசவையில் படிக்கப்பட்டது. கோட்டைக்குள் நாற்பத்தொருவர் வாந்தியும் கழிச்சலுமாய்ப் படுத்துவிட்டனர் என்றும், வயிற்றில் நீர் இறங்கினால் நோய் வலுக்கும் என அஞ்சி, நோயுற்றவர்க்குத் தண்ணீர் தரலாகாதென்று குடங்களுக்குக் காவல் வைத்துள்ளீர் என்றும் அதில் கண்டோம். தேவியார் என்னை மேலே படிக்க விடவில்லை. “முதலில் அந்தக் காவலை எடுக்கச் சொல்லும். மற்றவற்றைப் பிறகு எழுதும்” என்றார். ஆகையால், மழவரையரே, அடுத்த வரிக்குச் செல்லுமுன் ஆளனுப்பிக் குடங்களைத் திறந்துவிடும்.

திறந்தாயிற்று எனக் கொண்டு, இந்த ஆணைக்குக் காரணமான செய்தியைச் சொல்கிறேன்.

சென்ற ஐப்பசியில், உப்பளங்கள் சூழ்ந்த நம் துறைமுகமாகிய உமணர்துறையில் புதிய மரக்கலம் ஒன்றை நீரில் இறக்கி விருந்து வைத்தார்கள். மறுநாள் மாலைக்குள் நூற்றுமுப்பது பேர் விழுந்துவிட்டனர். அவ்வூர் மருத்துவர் குன்றனார், இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கைராசிக்காரர் எனப் பெயர் வாங்கியவர். வீடு வீடாகச் சென்ற அவர் எல்லோருக்கும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்: வயிறு காயட்டும், ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். அவருடைய ஆசான் அப்படித்தான் கற்பித்திருந்தார். அதை ஐயுற அவருக்கு ஒரு காரணமும் நேர்ந்ததில்லை, ஏனெனில் உடல் வலுத்தவர்கள் எப்படியும் பிழைத்துக்கொண்டார்கள்.

அம்மரக்கலத்தைக் கட்டிய தச்சர் மூவனின் மகள் அல்லிக்கு வயது நான்கு. மூன்றாம் நாள் காலையில் அவள் கண்கள் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வராமல், சிறுநீரும் நின்று, துவண்டு கிடந்தாள். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டாள். மருத்துவர் சொல்லை மீற அஞ்சிய மூவன் கொடுக்கவில்லை. நண்பகலில் குழந்தை போய்விட்டாள்.

அல்லியைக் காணச் சென்றிருந்த குன்றனார் அந்த வீட்டிலிருந்து திரும்பியபோது, அவருடைய மனைவி நக்கையாரும் அதே நோயில் படுத்திருந்தார். துணைக்கு வந்திருந்தவள் உப்பளத்தில் வேலை செய்யும் சேந்தி. கட்டில் அருகே அமர்ந்து, ஒரு சட்டியிலிருந்து எதையோ சிறிது சிறிதாக நக்கையாரின் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவர் சட்டியைப் பிடுங்கப் போனார்.

சேந்தி விடவில்லை. “கஞ்சித்தண்ணிதான் ஐயா. ஒரு சிட்டிகை உப்பு போட்டிருக்கேன். பாத்தியில வெயில் தாங்காம விழுந்தா எங்களுக்கு இதைத்தான் குடுப்பாங்க. அம்மா நாக்கைத் தொட்டுப் பாருங்க, ஓலை மாதிரி காஞ்சு கிடக்கு. வத்திப்போன உடம்பை இன்னும் காயப்போட்டா என்ன ஆகும்?” என்றாள்.

“குடித்ததெல்லாம் வெளியே வருகிறதே!” என்று அதட்டினார் அவர்.

“மடமடன்னு குடிச்சா வரும். வந்தா கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஒரு வாய். போறதை விட உள்ளே வர்றது கூட இருக்கணும், அவ்வளவுதான்.”

இருபத்திரண்டு ஆண்டுக் கல்வி அவர் நாவில் வந்து நின்றது. ஆனால் சற்றுமுன் கண்ட அந்தக் குழிந்த கண்களும் அவர் முன் நின்றன. சட்டியைச் சேந்தியிடமே விட்டுவிட்டு அருகில் அமர்ந்தார். பொழுது சாயுமுன் நக்கையாருக்குச் சிறுநீர் இறங்கியது. மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, குழைந்த சோறு கேட்டார்.

மனைவி பிழைத்த மகிழ்ச்சியை அவரால் முழுதாய் அனுபவிக்க முடியவில்லை. நேரே தெருவில் இறங்கி, தாம் சொன்னது பிழை என்று வாயிலுக்கு வாயில் நின்று சொன்னார். கஞ்சித்தண்ணீரில் உப்பிட்டுக் கொடுங்கள், கண்ணீரைவிடக் கரிக்க வேண்டாம் என்றார். பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள் என்றார். இந்நோய்க்கு என்னிடம் மருந்தில்லை, இரண்டு மூன்று நாளில் தானே விலகும், அதுவரை உடம்பு வற்றாமல் காப்பதே மருத்துவம் என்றார். கழிச்சலில் இரத்தம் கண்டாலும், ஒரு வாய் நீரும் தங்காவிட்டாலும், உறக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலும் காத்திராமல் உடனே தம்மை அழைக்கச் சொன்னார். அதன்பின் அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை.

நோய் வந்த வழியையும் அவரே தேடிக் கண்டார். படுத்தவர்கள் பெரும்பாலும் விருந்தில் எள்ளுருண்டை தின்றவர்கள். அதைப் பிடித்த சமையற்காரர் விருந்துக்கு முதல்நாளே வாந்தியில் கிடந்தவர். சொன்னால் விருந்துச் சமையல் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று மறைத்து, கையையும் சரியாகக் கழுவாமல் வேலைக்கு வந்துவிட்டார். அவரை அடிக்கத் திரண்டவர்களைக் குன்றனார் தடுத்தார். அடித்தால் அடுத்தவன் இன்னும் ஆழமாக மறைப்பான் என்பது அவர் சொன்ன காரணம். நோயுற்ற சமையற்காரர் நலமாகி இரண்டு நாள் கழியும்வரை அடுப்பறைக்குள் வரலாகாது, வராத நாளுக்கும் அவருக்குச் சோறு உண்டு என்று அன்று ஊரவை வகுத்த முறையைத் தேவியார் இப்போது நாடெங்கும் ஆணையாக்கியுள்ளார்.

ஏழாம் நாள் குன்றனார் தச்சர் வீட்டுக்குப் போனார். மூவன் தலை நிமிராமல் கேட்டார்: “எம் மக தண்ணி கேட்டுக்கிட்டே போனா. குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளா?”

தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். விதி என்றும் சொல்லியிருக்கலாம். குன்றனார், “பிழைத்திருப்பாள். கொடுக்காதே என்று சொன்னது நான். குற்றம் என்னுடையது, உம்முடையது அன்று” என்றார்.

மூவன் அவரை உள்ளே அழைக்கவும் இல்லை, வெளியே தள்ளவும் இல்லை. உளியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார். மூன்று நாள் கழித்து மருத்துவர் வாயிலில் ஒரு கூடை இருந்தது. அதில் குழந்தைகளின் வாய்க்கேற்ற சிறிய மரக்கரண்டிகள் எழுபது இருந்தன. இன்றுவரை இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மழவரையரே, நீர் அஞ்சாதவர். பிழையைத் திருத்திக்கொள்வதற்கும் அஞ்சமாட்டீர் எனத் தேவியார் உறுதியாக நம்புகிறார். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றுக. உண்ணுமுன்னும் கழிப்பிடம் சென்று மீண்ட பின்னும் சாம்பலும் ஓடும் நீரும் கொண்டு அனைவரும் கை கழுவுக, தலைவராகிய நீர் முதலில் கழுவுக. வாந்தி பட்ட துணியைக் கிணற்றருகே அலசாமல் கொதிநீரில் இடுக. இவை நடந்தால் பத்து நாளில் உம் கோட்டை எழுந்து நிற்கும்.

இவ்வோலையைக் கொண்டுவந்து உம் எதிரே நிற்பவர் அந்தக் குன்றனாரே. யாரும் அனுப்பாமல், உம் செய்தி கேட்டதும் தாமே புறப்பட்டார். சேந்தியும் உடன் வருகிறாள். அவள் சொல்லை மருத்துவர் சொல்லாகவே கொள்க. விருந்தும் ஆசனமும் அவருக்கு வேண்டாம். கோட்டையில் மிகவும் வற்றிக் கிடக்கும் குழந்தை எந்த வீட்டில் என்று மட்டும் காட்டுக.

வேங்கை பூக்கும் காலமெல்லாம் செல்லுக இவ்வாணை. மலைமுத்திரை இட்டோம். வழிவிடுக.