அண்ணையின் நேர்த்தித் தேங்காய்

ஷ்லீரன், சுவிஸ்,
2016 ஜூலை

அன்புள்ள அண்ணை,

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்திருந்தீர்கள். விலகும் பக்கம் வென்றதும் லண்டன் கோயிலில் உடைத்துவிட்டு, "என்ரை பேரிலை அங்கையும் முருகனுக்கு ஒண்டு உடை பிள்ளை" என்று போனில் சொன்னீர்கள். வாங்கினேன்.

நான் கிளீனிங் செய்யும் அலுவலகத்திலும் அன்று காலை ஒருவர் கைதட்டினார். "இனி நாங்களும் கதவைப் பூட்ட வேண்டும்" என்றார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

உங்கள் கடையில் வேலைக்கு வந்த என் மகன் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிவிட்டான் என்று கோபப்படுகிறீர்கள். பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்தானாம். ஓம், எனக்கும் அதைத்தான் சொல்கிறான். ஆனால் அந்த நேரம் அவன் என்னோடுதான் போனில் கதைத்துக்கொண்டிருந்தான். "வென்றுவிட்டோம், உன் நாட்டுக்குப் போ" என்று யாரோ கத்தியது எனக்குக் கேட்டது. பிறகு போன் விழுந்த சத்தம்.

வாக்கெடுப்புக்கு முன் நான் பயந்தபோது நீங்கள் சிரித்தீர்கள். "அது போலந்துக்காரரைத் துரத்தத்தானடி. எங்களை ஆர் என்ன செய்யிறது?"

நேற்று அட்லிஸ்வில் கோயிலுக்குத் தேங்காயோடு போனேன். முருகனுக்கு முன்னால் நெடுநேரம் நின்றும் கை எழவில்லை. சாமிக்கு நேர்ந்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று தெரியும். கொண்டுவந்தேன். குசினியில் உடைத்துத் திருவி, பால் பிழிந்து கஞ்சி காய்ச்சினேன்.

முன்பல் கட்டும்வரை உங்கள் மருமகனுக்குக் கஞ்சிதான், அண்ணை.

உங்கள் தங்கச்சி